ஒன்பது பேர் கரையேறினார்கள்

முத்துகிருஷ்ணனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனுஷன் முப்பத்தாறு வருஷம் அந்தமானில் குப்பை கொட்டியும் கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. கப்பலில் வந்தார், லீவுக்குக் கப்பலில் ஊருக்குப் போய் வந்தார், போர்ட் பிளேயரில் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வும் பெற்றார். நீச்சல் தெரியுமா என்று கேட்டால் நமக்கு எதற்கு அதெல்லாம் என்பார். அப்படிப்பட்ட ஆள் ஒன்பது பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்புக் கட்டணம் கட்டினார் என்றதும் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்கள் கைக்காசா போகிறது?

ஆசை அவருடையது இல்லை, அவர் மனைவி அகிலாவுடையது. அகிலா சிப்பிகாட்டில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஜங்கிலிகாட்டு வீட்டில் இருந்து இருபத்திரண்டு வருஷம் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பாக்குத் தோட்டம், அதன் ஓரத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். லயம் என்பார்கள். இலங்கை மலைநாட்டில் தேயிலை பறித்துக்கொண்டிருந்து, பிறகு கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். சுனாமியின்போது நிலம் இறங்கிப்போனதில், லயத்துக்குப் பின்னால் நெல் விளைந்த வயலெல்லாம் கடல்தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டது. வந்தது வந்ததுதான், திரும்பிப் போகவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அகிலாவிடம் இரண்டாம் வகுப்புப் படித்த ஒரு பையன் வரப்பில் வழுக்கி அந்தத் தண்ணீரில் விழுந்து செத்துப்போனான். கரையில் பெரியவர்கள் நான்கு பேர் நின்றார்கள். ஒருவருக்கும் நீந்தத் தெரியாது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அகிலா சாப்பிடவில்லை. காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் டவுன் நீச்சல் குளத்தில் கோச் வைத்துக் கற்றுக்கொள்கின்றன, தண்ணீர் கொல்லைப்புறத்திலேயே கிடக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நாதி இல்லை என்று பொரிந்து தள்ளினாள். நாம் பணம் கட்டுவோமே என்றாள். பார்க்கலாம் என்றார் முத்துகிருஷ்ணன். அடுத்த வருஷமும் கேட்டாள். அடுத்த வருஷமும் பார்க்கலாம்தான். அவர் பார்ப்பதற்குள் அவளுக்குக் கருப்பையில் கட்டி வந்து, சென்னைக்குக் கொண்டுபோய், பெட்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுவரும்படி ஆகிவிட்டது. அவளுடைய இலாகாவில் இருந்து அவள் பேரில் பணம் வந்தது. அந்தப் பணத்தில் அரிசி வாங்கி வடித்துச் சாப்பிட அவருக்கு மனசு வரவில்லை. பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. வேறு யாருக்கு வைத்துக்கொண்டிருப்பது?

கட்டணத்தைக் கட்டிவிட்டு வீட்டில் உட்காருகிற ஆளா அவர்? ஒன்பது பிள்ளைகளுக்கும் மூன்று பிரதியில் படிவம் போட்டார். வருகைப் பதிவேடு தைத்தார். லயத்துக்குப் போய்ப் பெற்றோரைக் கூட்டி வைத்து விதிமுறைகளை வாசித்தார். வாசித்து முடிந்ததும் முருகையா என்கிற பாக்கு மரமேறி எழுந்து, "நீச்சல் சரிங்க ஐயா, மொதல வந்தா என்னாங்க பண்றது?" என்று கேட்டான். ஓடைப் பக்கம் முதலை நடமாட்டம் உண்டுதான், நியாயமான கேள்வி. முத்துகிருஷ்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்றார். வேறென்ன சொல்வார், பாவம். முதலைக்குப் படிவமா நீட்ட முடியும்?

பெண் பிள்ளைகளுக்குக் குளத்து உடுப்பு என்றதும் தாய்மார்கள் பின்வாங்கினார்கள். அவரே கடை கடையாக ஏறி இறங்கி ஒன்பது பேருக்குமே முழுக்கையும் முழுக்காலும் மூடுகிற உடுப்பாகப் பார்த்து வாங்கினார். அளவு தெரியாமல் எல்லாவற்றையும் பெரிதாக வாங்கிவிட்டார். முருகையாவின் மனைவி மருதாயிதான் ஒரே ராத்திரியில் ஒன்பதையும் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

ஜனவரி மாதம் வகுப்பு ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிச் சிப்பிகாட்டுக்குப் போவார். பெற்றவர்களுக்கு ஞாயிறும் வேலை நாள்தான், உரித்த பாக்குக்குத்தான் கூலி. அதனால் கூட்டிப் போவதும் கொண்டுவந்து விடுவதும் அவர் பொறுப்பு. குளத்தங்கரையில் ஒன்பது ஜோடிச் செருப்பை அரிசிச் சாக்கில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாத்தா துண்டு, தாத்தா என் கிளிப்பு, தாத்தா இவன் தண்ணியைக் குடிச்சிட்டான் என்று ஆளுக்கொரு பக்கம் கத்துவார்கள். வகுப்பு முடிந்ததும் அபர்டீன் பஜாரில் ஒரு தமிழ் ஓட்டலில் மூன்று மேசையைச் சேர்த்துப் போட்டு இட்லி. நீந்திவிட்டு வருகிற பிள்ளைகள் எவ்வளவு சாப்பிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முதல் வாரம் ஓட்டலில் மாவு தீர்ந்து சப்ளையர் கையை விரித்துவிட்டான்.

திங்கட்கிழமை விடிந்தால் கதை வேறு. திங்கள் முதல் சனி வரை அந்த வீட்டில் பேச்சுக்குரலே கிடையாது. குக்கர் விசில் அடித்தால் அதுதான் சத்தம். டிவி போடுவார், பத்து நிமிஷத்தில் நிறுத்துவார். பக்கத்து வீட்டில் வங்காளிக் குடும்பம். பார்த்தால் சிரிப்பார்கள், டீக் ஹை அங்கிள் என்று நலம் கேட்பார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். பழைய அலுவலகத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்த்தார். இரண்டாவது முறை அவர் நாற்காலியில் இருந்தவன் எழுந்திருக்கவில்லை, அதோடு அதையும் விட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் குளோரின் வாடை இருக்கும். அதைத் துவைக்காமல் கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்தார். புதன்கிழமை வாக்கில் வாடை போய்விடும், வியாழக்கிழமை துவைப்பார்.

அந்த ஒன்பது பேரில் விஜயகுமாரி தனி ரகம். முருகையா, மருதாயியின் மூத்த பெண், பதினாலு வயசு. அதிகம் பேசமாட்டாள். தண்ணீரில் இறங்கிவிட்டால் அவளைக் கரையேற்றுவதுதான் பெரும்பாடு. கோச் ஸ்ரீதர் திக்லிபூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பையன், ஹிந்தியும் தமிழும் கலந்து பேசுவான். இந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, தடுக்காமல் இருந்தால் போதும் என்பான். இட்லிக்கடையில் மற்றதுகள் அடித்துப் பிடித்துச் சாப்பிடும்போது இவள் மட்டும் ஓர் இட்லியை அவர் தட்டில் எடுத்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவருக்குச் சர்க்கரை நோய், வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னதே இல்லை.

மே கடைசியில் தேர்வு. இருபத்தைந்து மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். எட்டு பேர் அக்கரை சேர்ந்தார்கள். எல்லாரிலும் சின்னதாக இருந்த பிரியங்கா பாதியில் தத்தளித்தபோது முத்துகிருஷ்ணன் செருப்புச் சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓரத்துக்கே ஓடிவிட்டார். ஓடி என்ன செய்திருப்பாரோ, அவருக்கே தெரியாது. அதுவும் எப்படியோ அடித்துப் பிடித்துக் கரையேறியது. விஜயகுமாரி கேட்காமலே நான்கு முறை போய்த் திரும்பினாள். கைதட்டிக் கைதட்டி அவருக்கு உள்ளங்கை சிவந்துவிட்டது.

ஸ்ரீதர் ஒன்பது காகிதத்தை அவர் கையில் கொடுத்தான். "சார், ஒம்பது பேரும் பாஸ். பணம் கட்டினவர்னு நீங்க ஸைன் பண்ணி ஆபீஸ்ல குடுத்துடுங்க. சர்டிபிகேட் ஒரு வாரத்துல வந்துடும். அவ்ளோதான் சார், பேட்ச் குளோஸ்."

பேட்ச் குளோஸ். வீட்டுக்கு வந்து மேசையில் காகிதங்களை விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, பேனா மூடியைக் கழற்றிய பிறகுதான் அந்த வார்த்தை அவருக்குள் இறங்கியது. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அடுத்த ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. தெருவில் பார்த்தால் தாத்தா என்பார்கள், அவ்வளவுதான். ஏழு நாளும் திங்கட்கிழமையாகிவிடும். மனுஷன் பேனாவைப் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பயமாக இருந்தது. அகிலா போன அன்றுகூட இப்படிப் பயந்ததாக அவருக்கு நினைவில்லை.

முப்பத்தாறு வருஷத்துக் கை சும்மா இருக்குமா? காகிதங்களைப் புரட்டியது. மூன்று பேருக்குப் பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதி ஒன்று, ஆதாரில் இன்னொன்று. லயத்தில் பாதிப் பேருக்கு ஆதாரில் ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்தநாள். இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பள்ளிப் பதிவேட்டின்படி என்று ஓரத்தில் இரண்டு வார்த்தை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். சர்வீஸில் நூறு தடவை அப்படிப் போட்டிருக்கிறார். வேண்டாம் என்று நினைத்த கோப்புக்குத்தான் இந்த மாதிரி ஆட்சேபணை எழுப்புவார். பென்சிலால் மூன்று காகிதத்திலும் கேள்விக்குறி போட்டார். மூன்றுக்காக ஒன்பதையும் நிறுத்தினார், சேர்ந்துதான் போக வேண்டுமாம். கட்டி, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தார். கிடப்பில் கிடக்கும் காகிதத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் ஸ்ரீதரிடம், தேதிக் குழப்பம் இருக்கிறது, சரியாகும்வரை வகுப்பு நடக்கட்டும், பணம் நான் கட்டுகிறேன் என்றார். நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு எதற்கு என்று ஸ்ரீதருக்குப் புரியவில்லை. ஆனால் தங்கை கல்யாணத்துக்காக இரண்டு வாரம் திக்லிபூர் கிளம்பிக்கொண்டிருந்தான், கையில் பத்திரிகைக் கட்டு. உங்கள் இஷ்டம் சார், காகிதத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அசிஸ்டெண்ட் ஒருத்தன் வகுப்பைப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு பஸ்ஸில் விஜயகுமாரி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தபடியே, "தாத்தா, சர்டிபிகேட் வந்துருச்சா?" என்றாள்.

"மேல போயிருக்கும்மா. வந்துரும்."

வாயில் இருந்து தானாக வந்த பதில் அது. அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்ற எத்தனையோ பேருக்கு இதே வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் சரி என்று தலையாட்டினாள். இன்னொரு தடவை கேட்கவில்லை. எதற்குக் கேட்டாள் என்று இவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

லயத்து ஜனங்களின் வழக்கம் அது, இரண்டாம் தடவை கேட்கமாட்டார்கள். ரேஷன் கார்டுக்கும் தீவுக் குடியுரிமை அட்டைக்கும் அப்பன் பாட்டன் காலத்தில் இருந்து அலைந்து அலைந்து, ஐயாமார் முகம் சுளித்தால் இருப்பதும் போய்விடும் என்று கற்று வைத்திருக்கிறார்கள். காரியம் ஆக வேண்டும் என்றால் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போய் முன்னால் நிற்பார்கள். எதற்கு வந்தார்கள் என்று ஐயாவே புரிந்துகொள்ள வேண்டும். முத்துகிருஷ்ணனுக்கு இது தெரியாததா? நாற்காலியில் இருந்த காலத்தில் இரண்டாம் பேச்சுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார்.

புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு மருதாயி அவர் வீட்டு வாசலில் நின்றாள். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பை நிறையக் கீரை. தலையைச் சீவிப் பூ வைத்து, நல்ல புடவை கட்டியிருந்தாள். அகிலா போன பிறகு அந்த வீட்டுக் கதவை விருந்தாளி என்று ஒருவர் தட்டியது அன்றுதான். மனுஷன் தடுமாறிப்போனார். வா வா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். டீ போட்டார். சர்க்கரையைத் தேடிக் கண்டுபிடித்து இரண்டு கரண்டி போட்டார். அகிலா டீச்சர் தன் மகளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட கதையை மருதாயி சொன்னாள். மழை பிந்துகிறது என்றாள். பாக்கு விலை இறங்கிவிட்டது என்றாள். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"புள்ளைங்க நல்லா பழகிருச்சுங்களா ஐயா?"

"பிரமாதமாப் பழகிருச்சும்மா. அவசரமே இல்ல. நிதானமா நடக்கட்டும்."

"அவசரம் ஒண்ணும் இல்லீங்களா?"

"என்ன அவசரம்? நான் இருக்கேன்ல."

சரிங்க ஐயா, வர்றேங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். பஸ் ஸ்டாப் வரை கூட நடந்தார். திரும்பி வந்து கீரையை ஆய்ந்து, கூட்டு வைத்து, இரண்டு வேளை சாப்பிட்டார். அன்றைக்கும் மறுநாளும் அந்த வீடு அவருக்கு வேறு வீடாக இருந்தது. தன்னைப் பார்க்கவென்று, அரை நாள் கூலியை விட்டுவிட்டு, ஒருத்தி பஸ் ஏறி வந்திருக்கிறாள் என்று நினைக்க நினைக்கச் சந்தோஷம் பொங்கியது. படத்தில் இருந்த அகிலாவிடம் சொல்லவும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப்பில் எட்டு பேர்தான் நின்றார்கள். விஜயா எங்கே என்றால் யாருக்கும் தெரியவில்லை. வரவில்லை என்றாள் என்றார்கள். குளத்தில் ஸ்ரீதர் வந்துவிட்டிருந்தான். தலையை எண்ணிப் பார்த்தவன் நேராக இவரிடம் வந்தான்.

"சார், ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் லிஸ்ட் போன வெள்ளிக்கிழமை குளோஸ் ஆயிடுச்சு. விஜயா பேரு இல்ல. நான்தான் அவளை ஃபார்ம் போடச் சொன்னேன். சர்டிபிகேட் சார் கிட்ட வந்துடும், வாங்கிச் சேத்துக் குடுன்னு சொல்லிட்டுத்தான் ஊருக்குப் போனேன். கியா ஹுவா சார், என்ன ஆச்சு? ஆபீஸ்ல கேட்டா உங்க பேப்பரே வரலேங்கறாங்க."

முத்துகிருஷ்ணனுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. ஹாஸ்டலா? என்ன ஹாஸ்டல்? ஸ்ரீதர் சொன்னான். போர்ட் பிளேயரிலேயே இருக்கிற விளையாட்டு விடுதி. தங்கும் இடம், சாப்பாடு, பள்ளிக்கூடம், தினமும் பயிற்சி, எல்லாம் இலவசம். நான்கு வருஷம். நீச்சலுக்கு இந்த வருஷம் இரண்டு பெண்களுக்கு இடம், சர்டிபிகேட் இல்லாத விண்ணப்பத்தைக் கையில்கூட வாங்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாமே என்று இவர் வாயைத் திறந்தார். பதினாலு வயசு வரைதான் சேர்ப்பார்கள், அடுத்த வருஷம் அவளுக்கு வயசு தாண்டிவிடும் என்றான் ஸ்ரீதர். அவன் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது இவருக்கு.

மடியில் செருப்புச் சாக்கு, தோளில் பை. பையில் ஒன்பது காகிதமும் இருந்தன. அப்போதுதான் மருதாயி எதற்கு வந்தாள் என்று அவருக்கு உறைத்தது. வாழைப்பழம், நல்ல புடவை, அவசரம் ஒண்ணும் இல்லீங்களா. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த ஒரு தாய் திரும்பிப் பார்த்தாள்.

அங்கிருந்தே பழைய அலுவலகத்து ஆள் ஒருவருக்குப் போன் போட்டார். அவர் இன்னொருவரைக் கேட்டுச் சொன்னார். பட்டியலில் கையெழுத்தாகிவிட்டது, இனி கையை வைக்க முடியாது. நியாயம்தான். இவரே அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

எட்டு பேரையும் இட்லி தின்னவைத்து, பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கி, அவர்களோடே லயத்துக்கு நடந்தார். முருகையா வீட்டு முன்னால் பாக்கு மலையாகக் கிடந்தது. முருகையா, மருதாயி, விஜயகுமாரி மூன்று பேரும் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் முருகையா எழுந்து ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். அவர் உட்காரவில்லை. ஹாஸ்டல் விஷயம் இன்றைக்குத்தான் தெரியும் என்றார். முருகையா கையை உதறினான்.

"விடுங்க ஐயா. ஆபீஸ்னா அப்படித்தானுங்க. எங்கப்பா கார்டுக்குப் பதினோரு வருஷம் அலைஞ்சாருங்க. நீங்க என்னா செய்வீங்க பாவம்?"

தப்பித்துக்கொள்ளலாம், வழி அகலமாகத் திறந்துதான் கிடந்தது. ஆபீஸ் மேல் பழியைப் போட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, எல்லாருக்கும் நல்லவராகவே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு நிமிஷம் அந்த ஆசையும் வந்தது. பையைத் திறந்து காகிதங்களை எடுத்துப் பாக்குக் குவியல் மேல் வைத்தார்.

"ஆபீஸ் இல்ல முருகையா. நான்தான். ஆபீஸுக்குப் போகவே இல்ல. ரெண்டு வாரமா இந்தப் பையிலதான் இருக்கு. வேணும்னேதான் வெச்சிருந்தேன்."

முருகையாவுக்குப் புரியவில்லை. புரியாமல் சிரித்தான். ஐயா பெருந்தன்மையாக ஏதோ சொல்கிறார் என்று நினைத்திருப்பான். மருதாயி காகிதத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். விஜயகுமாரிதான் உரிக்கிற கத்தியைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு தாத்தா?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அறுபத்துமூன்று வயசு மனுஷன் பதினாலு வயசுப் பெண்ணின் முன்னால் நின்று, பொய்யில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"எல்லாரும் பாஸாயிட்டீங்க. கையெழுத்துப் போட்டுட்டா நீங்க யாரும் வரமாட்டீங்க. எனக்கு வீட்ல யாரும் இல்லம்மா. ஞாயித்துக்கிழமை இல்லாமப் போயிருமேன்னு பயந்துட்டேன்."

பக்கத்து வீட்டில் ரேடியோவில் ஹிந்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விஜயகுமாரி எழுந்து உள்ளே போனாள். இனி வெளியே வரமாட்டாள் என்றுதான் நினைத்தார். வந்தாள். கையில் மடித்த காகிதம். விடுதி விண்ணப்பம், அவள் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், சர்டிபிகேட் இணைக்கும் இடம் தவிர எல்லாம் நிரப்பியிருந்தது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினாள்.

முப்பத்தாறு வருஷம் விண்ணப்பம் படித்த கண். கட்டம் கட்டமாக இறங்கியது. பெற்றோர் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவியைப் பார்க்க வரவும் வெளியே அழைத்துச் செல்லவும் அனுமதிக்கப்பட வேண்டிய ஒருவர் பெயர் என்று இருந்த கட்டத்தில், முத்துகிருஷ்ணன் என்று எழுதியிருந்தது. உறவுமுறை, தாத்தா. கீழே அவருடைய போன் நம்பர்.

"எங்கம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஞாயித்துக்கிழமை லீவு கெடையாதுல்ல. நீங்க வருவீங்கன்னுதான் போட்டேன். எடம் கெடச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

முத்துகிருஷ்ணன் அங்கேயே, பாக்கு மட்டைகளுக்கு நடுவே, குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்துவிட்டது. மருதாயி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஐயோ ஐயா, வேணாங்க ஐயா என்று முருகையா பதறினான். பெண்ணுடைய நான்கு வருஷத்தைத் தொலைத்தவனை அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். அவர் தண்ணீரைக் குடித்தார். பேனா கேட்டு வாங்கி ஒன்பது காகிதத்திலும் கையெழுத்துப் போட்டு, அன்றைய தேதியை எழுதினார். பழைய தேதி போடவும் தெரிந்தவர்தான், மனசுதான் கேட்கவில்லை. நாளைக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார். சரிங்க என்றான் முருகையா.

விடுதி விண்ணப்பத்தை அவர் விஜயகுமாரியிடம் திருப்பி நீட்டினார். அவள் வாங்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு பாக்குக் குவியலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"நீங்களே வெச்சுக்குங்க தாத்தா. எனக்கு இனிமே எதுக்கு?"

பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரமாக உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் காகிதத்தை மறுபடியும் மேலிருந்து கீழாகப் படித்தார். பார்வையாளருக்கான விதிகள் அடியில் சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தன. நேரம் ஞாயிறு காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை. வீட்டில் சமைத்த உணவு கொண்டுவரலாம். பார்வையாளர் தொடர்ந்து மூன்று வாரம் வரத் தவறினால் பெயர் நீக்கப்படும்.